ஆண்களுக்கு அனுமதி இல்லை: ஒரு கீமோ டே கேர் ரிவியூ

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீமோ டே கேர், அதாவது காலையில் போய்ப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிற பிரிவு பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை, மாமனாருக்கு இன்னும் அங்கேதான் வைத்தியம் நடக்கிறது, போன வாரம்கூடப் போய் வந்தோம். ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். ட்ரிப்ஸ் ஏற்றுகிற அறைக்கு மட்டும் என்றால் நாலே முக்கால் கொடுப்பேன், ரிசப்ஷனில் ஆரம்பித்து பில்லிங் வரை மற்றதெல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிட்டது.

மாமா அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். இடது தோளில் வாரை மாட்டினால் பை வலது இடுப்பில் தொங்கும், ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆன பிறகும் அந்த வார் படிந்த இடம் மட்டும் நெஞ்சில் ஒரு கோடாகக் கறுத்துக் கிடக்கும். போன வருஷம் அதே கோட்டில், இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் மல்லி விதை அளவில் நாலைந்து முடிச்சு தட்டுப்பட்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை, கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். "பை வேலைய முடிச்சும் விட மாட்டேங்குது மாப்ள" என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அப்புறம் சுற்றிலும் தோல் சிவந்தபோது அத்தை அது அக்கி என்று முடிவுகட்டி, பக்கத்து ஊர் வேளாரிடம் கூட்டிப்போய் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படித்த தோல் டாக்டரே முதலில் படர்தாமரைக்கு ஒரு களிம்பு, அப்புறம் ஆன்டிபயாடிக் ஒரு வாரம், அது முடிந்து இன்னொரு ஆன்டிபயாடிக் என்றுதான் எழுதினார். இப்படியே மூன்று மாதம் போனது. அதற்குள் முடிச்சுகள் மொச்சை அளவுக்கு வந்துவிட்டன, எண்ணிக்கையும் இருபதைத் தாண்டிவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்த தோல் டாக்டர்தான் தொட்டுப் பார்த்த உடனேயே முகம் மாறி, பென்சில் கனத்துக்குத் தோலை வெட்டியெடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தது, அதிலும் தோலில் பிறந்ததில்லை, வேறு எங்கோ கிளம்பித் தோலில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்துதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நுரையீரலா, வயிறா, குடலா, புராஸ்டேட்டா என்று சிடி, எண்டோஸ்கோபி, புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பிஎஸ்ஏ, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உடம்பில் புற்று இருக்கிற இடங்களை ஒளிரவைத்துக் காட்டுகிற பெட் ஸ்கேனில் நெஞ்சுத் தோலும் இடது அக்குளில் நெறிகளும் நுரையீரலில் கொஞ்சமும் ஒளிர்ந்தன, ஆனால் மூலம் எது என்று காட்டவில்லை. கடைசியில் பதில் சொன்னது அந்த பயாப்சி துண்டுதான். அதிலேயே சாயம் ஏற்றி ஏற்றிப் பார்த்ததில் மார்பகப் புற்றில் பெரும்பாலும் தெரிகிற காட்டா-3 என்ற புரதம் பாசிட்டிவ், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ரிசப்டர் நல்ல பாசிட்டிவ், புற்றை வேகமாக வளர்க்கிற ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ், நுரையீரலுக்கும் புராஸ்டேட்டுக்கும் உண்டான சாயங்கள் ஒட்டவே இல்லை. இது மார்பகப் புற்று.

மார்பகத்தில் மேமோகிராம், அல்ட்ரா சவுண்ட், எம்ஆர்ஐ மூன்றிலும் ஒன்றுமே இல்லை. கட்டி இருந்திருக்கும், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக எங்கோ இருக்கலாம் என்றார் இந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய் டாக்டர். ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு, மார்பகப் புற்று நோயாளிகள் நூறு பேரில் ஒருவர் ஆண், அதிலும் மூலம் ஒளிந்துகொண்டு தோலில் முதலில் வெளியே வருவது இன்னும் அபூர்வம் என்று அவர் விளக்கி முடித்தபோது மாமா கேட்டார்: "அப்ப டெப்போ எதுன்னு தெரியல, ரூட் போர்ட வச்சு வண்டியக் கண்டுபிடிச்சிருக்கீங்க, அப்படித்தானங்க சார்?" டாக்டர் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, ஆமாய்யா, இத விட நல்லா எனக்குச் சொல்ல வராது என்றார். இந்த டாக்டருக்கு நான் தனியாகவே ஐந்து ஸ்டார் தருவேன். எங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார், போனை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

இனி குறைகள்.

மேமோகிராம் எடுக்கப் போன அன்று அந்த அறைக் கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று ரோஸ் கலரில் ஒரு போர்டு. வாசலில் இருந்த செக்யூரிட்டி அம்மா மாமாவைப் பார்த்து, "ஐயா, நீங்க வெளிய உக்காருங்க, அம்மா மட்டும் உள்ள வாங்க" என்று அத்தையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். அத்தை பயந்துபோய், தனக்கும் ஏதோ டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள் போல என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பைலை எடுத்துக்கொண்டு ஓடி விஷயத்தைச் சொல்ல, ஹாலில் இருந்த பதினைந்து இருபது பெண்கள் அத்தனை பேரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "டிக்கெட் என் பேர்லதாம்மா எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபிறகு காரில் ஏறி ஊர் போய்ச் சேருகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

படிவங்களும் இதே கதைதான். பதிவுப் படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதி, எத்தனை குழந்தைகள், தாய்ப்பால் கொடுத்தது எத்தனை மாதம். அந்தப் பெண் ஊழியர் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்து, கணவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் நின்று யோசித்து அத்தை பெயரை எழுதினார். இதெல்லாம் கூடப் போகட்டும் என்று விடலாம். இன்ஷூரன்ஸ்காரர்கள் செய்ததைத்தான் விட முடியாது. நோயாளி ஆண், நோய் மார்பகப் புற்று, ஏதோ தப்பாக டைப் ஆகியிருக்கிறது என்று முதல் அனுமதியையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நீங்களே போன் பண்ணிக்கங்க" என்றார்கள். டாக்டரிடம் தனியாகக் கடிதம் வாங்கி, பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடி இணைத்து, நாலு நாள் போனது. ஒவ்வொரு நாளும் முடிச்சு பெரிதாவது கண்ணுக்குத் தெரிகிறபோது நாலு நாள் என்பது சின்ன விஷயம் இல்லைங்க.

ஏன் கீமோ என்று நாங்களும் கேட்டோம், ஏனென்றால் இணையத்தில் தேடினால் ரிசப்டர் பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்றுதான் வரும். பொதுவாக அதுதான் சரி என்றார் டாக்டர். ஆண்களுக்கு வருகிற மார்பகப் புற்றில் பெரும்பாலானது ரிசப்டர் பாசிட்டிவ்தான், டமாக்சிஃபென் மாத்திரைதான் ஆண்களுக்கு முதல் மருந்து. ஆனால் மாமாவுக்கு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது, நுரையீரலில் வேகமாகப் பரவுகிறது, மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும், அவ்வளவு நேரம் கையில் இல்லை, அதனால் முதலில் வேகமாகக் குறைக்கிற மருந்து, அப்புறம் மாத்திரை என்றார். புற்று செல் பெருகுவதைத் தடுக்கிற பால்போசிக்லிப் என்ற மாத்திரை பற்றியும் கேட்டேன். அதைப் பெண்களுக்கு 2015-லேயே அமெரிக்காவில் அனுமதித்துவிட்டார்கள், ஆண்களுக்கு 2019 ஏப்ரலில்தான், அதுவும் தனியாகச் சோதனை நடத்தி இல்லை, ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து என்று சொன்னார். படிவத்தில் மட்டும்தான் நம்மை மறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொடுத்த கீமோ மருந்து பேக்லிடாக்செல், வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம். இனி அந்த அறையைப் பற்றி.

காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், ரத்த அணுக்களின் கவுண்ட் சரியாக இருந்தால்தான் மருந்து கலக்கச் சொல்லி பார்மசிக்குச் சீட்டு போகும். இந்த இடத்தில்தான் பாதி நாள் செத்துப்போகிறது. ரத்த ரிசல்ட் எட்டரைக்கு வந்துவிடும், மருந்து வருவது பன்னிரண்டுக்கோ ஒரு மணிக்கோ. நடுவில் யாரைக் கேட்டாலும் "வந்துட்டே இருக்கு சார்". விடிகாலை நாலரை பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதற்கு மட்டும் அரை ஸ்டாரைக் கழித்திருக்கிறேன்.

உள்ளே போனபிறகு எல்லாம் மாறிவிடும். சாய்வு நாற்காலி பன்னிரண்டு, நாலு நாற்காலிக்கு ஒரு சிஸ்டர். மருந்துக்கு அரை மணி முன்னாலேயே, அலர்ஜி வராமல் இருக்க, டெக்ஸா, ஏவில், வயிற்று அமிலத்துக்கு ஓர் ஊசி. மாமாவுக்கு ஊசி போட்ட சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடது அக்குளில் நெறி இருக்கிறது என்று பைலில் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்குள் வலது கையை எடுத்துக்கொண்டார், பிரஷர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. வழக்கமான ட்ரிப்ஸ் ட்யூபை ஒதுக்கிவிட்டு வேறு ஒன்றைப் பிரித்தார், நடுவில் பொத்தான் மாதிரி ஒரு வடிகட்டி. எதற்கு என்று கேட்டேன். இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கரைய வைப்பதற்கு ஒரு திரவம் சேர்த்திருக்கிறார்கள், அது சாதாரண பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனத்தை உருவிக்கொண்டு வரும், அதனால் இதற்கென்று தனி ட்யூப் என்றார். அந்தத் திரவம் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்வது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தையிடம் சொன்னால் நம்பவில்லை. "வெளக்கெண்ணெய நரம்புலயா ஏத்துறாங்க?"

அந்தத் திரவம்தான் முதல் நாள் வேலையைக் காட்டியது. மருந்து சொட்ட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும், மாமா பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "இடுப்பு யாரோ பிடிச்சு முறுக்குற மாதிரி இருக்கு மாப்ள" என்றார். முகம் செங்கல் கலருக்கு வந்துவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் சிஸ்டர் க்ளாம்பை மூடிவிட்டார். அவர் அந்த முதல் பத்து நிமிஷமும் நாற்காலி பக்கத்தை விட்டு நகரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஊசி, ஆக்சிஜன், டாக்டருக்குப் போன், எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது, ஒரு சத்தம் இல்லை, பக்கத்து நாற்காலி அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அரை மணி கழித்து மறுபடி மெதுவாகத் திறந்தார்கள், அதற்கப்புறம் பதினோரு வாரமும் ஒன்றும் செய்யவில்லை. நாலே முக்கால் ஸ்டார் இதற்குத்தான்.

இன்னொரு விஷயத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டி எங்களுக்குச் சொல்லவில்லை. முடிச்சுகளில் மூன்று உடைந்து நீர் கசிய ஆரம்பித்தது, கூடவே நாற்றம். ஓர் அறையில் உட்கார்ந்தால் பக்கத்து அறை வரை வரும். மாமா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், பேரனைத் தூக்குவதை நிறுத்தினார், இரண்டு பனியன் போட்டு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டார். வீட்டில் பஞ்சை வைத்துக் கட்டி, மறுநாள் உரித்தால் தோலோடு வந்து ரத்தம் கொட்டும். இரண்டாவது வாரம் டே கேரில் வயதில் மூத்த சிஸ்டர் ஒருவர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சைத் தொடவே கூடாது என்று சொல்லி, ஒட்டாத மெழுகு மாதிரியான கட்டுத்துணி ஒன்றை எழுதிக்கொடுத்தார். உப்புநீரில் நனைத்த பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை. வாயில் போடுவதற்கு இல்லை, பொடித்துப் புண்மேல் தூவ. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியும் கொடுத்தார். நாற்றம் வருவது அழுகிய சதையில் காற்றில்லாமல் வாழ்கிற கிருமிகளால், அவற்றை இந்த மாத்திரை கொல்லும், அவ்வளவுதான் விஷயம். நாலாம் நாள் நாற்றம் பாதி போய்விட்டது. சில ரூபாய் மாத்திரை. முதல் நாளே கையில் ஒரு தாளாகக் கொடுத்திருக்கலாம் இல்லையா? கொடுத்த கையேட்டில் விக் எங்கே கிடைக்கும், தலையில் ஸ்கார்ஃப் எப்படிக் கட்டுவது, சிலிக்கான் மார்பகம் பொருத்துவது எப்படி என்று பதினாறு பக்கம் இருந்தது.

விக் என்றதும் ஞாபகம் வருகிறது. தலைமுடி கொட்டியதற்கு மாமா கவலைப்படவே இல்லை, பழனிக்குப் போய் வந்ததாக நினைத்துக்கொள் என்றார். ஐந்தாவது வாரம் மீசை போனது. அதற்கு எந்தக் கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

நெஞ்சில் இருப்பது தோலில் இருக்கிறதால் ஒரு வசதி, மருந்து கேட்கிறதா என்று அறிய ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். அத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவின் பழைய சில்லறை டப்பாவை எடுத்துவந்து, கட்டு மாற்றுகிறபோது கழுவின காசை முடிச்சு பக்கத்தில் பிடித்து அளப்பார். பெரிய முடிச்சு இரண்டு ரூபாய்க் காசு அளவில் ஆரம்பித்தது. நாலாவது வாரம் ஒரு ரூபாய். ஏழாவது வாரம் எட்டணா. சின்னதெல்லாம் அமுங்கித் தோலில் பழுப்புத் தழும்பு மட்டும் மிஞ்சியது. இதை டாக்டரிடம் காட்டியபோது அவர் காசுக் கணக்கையே பைலில் எழுதிக்கொண்டார், ஸ்கேலை வைத்து அவரும் ஒருமுறை அளந்துவிட்டு.

ஆனால் விரல்கள். எட்டாவது வாரம் மாமா பால்காரருக்குக் காசு எண்ணிக்கொடுக்கும்போது பத்து ரூபாய் நோட்டு இரண்டு ஒட்டிப் போனது அவருக்குத் தெரியவில்லை. விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் சில்லறை கொடுத்த கை. நுனியெல்லாம் மரத்துப்போய், துணி சுற்றியது மாதிரி இருக்கிறது என்றார். மூன்று வாரமாகவே அப்படித்தானாம், சட்டைப் பொத்தான் போட அத்தைதான் உதவியிருக்கிறார், இரண்டு பேரும் எங்களிடம் சொல்லவில்லை. இந்த மருந்துக்கு இது தெரிந்த பக்க விளைவு, ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு தடவையும் வாந்தி உண்டா, பேதி உண்டா, காய்ச்சல் உண்டா என்று மூன்று டிக் அடிப்பவர்கள் விரல் மரத்திருக்கிறதா என்று நாலாவது ஒன்றைச் சேர்த்தால் என்ன? ஒன்பதாவது வாரத்திலிருந்து மருந்தின் அளவைக் குறைத்தார்கள். மரப்பு இப்போது கொஞ்சம் தேவலை, முழுக்கப் போகவில்லை.

ராத்திரி அவசர எண் பற்றி ஒரு பத்தி. கீமோ அட்டையில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே கூப்பிடவும் என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள், நல்லது. ஒரு ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு 101 வந்தது. கூப்பிட்டோம். அந்த எண் பில்லிங் கவுண்டரில் அடிக்கிறது, ஞாயிறு ராத்திரி பில்லிங்கில் யாரும் இல்லை. பதினாலு தடவை. கடைசியில் காரை எடுத்துக்கொண்டு நேராக கேஷுவாலிட்டிக்கே போய்விட்டோம், அங்கிருந்த டூட்டி டாக்டர் கீமோ என்ற வார்த்தையைக் கேட்டதும் மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று ரத்தம் எடுத்துக் கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார். வெள்ளணு நிறையக் குறைந்திருந்தது. நீங்களும் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ஆணுக்கு மார்பகப் புற்று வந்தால் குடும்பத்தில் மரபணு சோதனை செய்யச் சொல்வார்கள், பி.ஆர்.சி.ஏ-2 என்கிற மரபணுவில் கோளாறு இருக்க வாய்ப்பு கூடுதல். மாமாவுக்கு எடுத்தார்கள். அதைப் பற்றி ஓர் அம்மா விளக்கம் சொன்னது லிஃப்ட் வாசலில் நின்றபடி, மூன்று நிமிஷம். என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், இருந்தால் அவளுக்கும் பாதி வாய்ப்பு என்பதை அந்த அம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரிசல்ட் வர நாலு வாரம் ஆனது. நெகட்டிவ். அந்த நாலு வாரம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அந்த லிஃப்ட் வாசல் விளக்கத்துக்கு அரை ஸ்டார் கழித்ததோடு சரி.

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் நுரையீரல் நன்றாகத் தெளிந்திருக்கிறது, மூச்சு வாங்கல் இல்லை. முழுக்கக் குணமாகிற கட்டம் இல்லை இது, அடக்கி வைத்திருக்கிறோம் என்று டாக்டர் மறைக்காமலே சொன்னார், மாமா தலையாட்டிக்கொண்டார். இப்போது டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று. காலில் வீக்கம், வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும், ரத்தம் உறையலாம். ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது என்று எழுந்து உட்காருகிறார். அத்தை விசிறிக்கொண்டே, "எனக்கு வந்தப்ப பேன போட்டதுக்கு கரண்ட் பில்லு ஏறுதுன்னு சண்டை போட்டீகளே" என்று கேட்டதாக மனைவி சொன்னாள்.

போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது, புதனோ வியாழனோ கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் மாலையே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டால் மருந்து பத்தரைக்கே வந்துவிடும், இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாங்கள் ஆறாவது வாரம்தான் கண்டுபிடித்தோம். கேன்டீனில் இட்லி பரவாயில்லை, சாம்பார் வேண்டாம். டெக்ஸா போட்ட அன்று ராத்திரி தூக்கம் வராது, விக்கல் வரும், பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கனமான போர்வை எடுத்துப்போங்கள், ஏழாம் நம்பர் நாற்காலியைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள், ஏசி நேராக உச்சந்தலையில் அடிக்கும், மொட்டைத் தலை தாங்காது.